ரெக்கவரி வண்டிக்குப் பெரிய இன்ஜின்: ஏற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

வாகன ஆலோசனை: வாசகர் கேள்விக்கு மோட்டார் சர்வேயரின் பதில்

வாசகர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர், வயது 41. பல வருடம் லாரி ஓட்டிய பிறகு 2012 மாடல் டாடா 1613 ஒன்றை ஃபைனான்ஸில் வாங்கி, பின்பக்கம் அண்டர்லிஃப்ட்டும் (பழுதான வண்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கும் கை) வின்ச்சும் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) கட்டி, ரெக்கவரி வண்டியாக ஓட்டுகிறார். தேசிய நெடுஞ்சாலை 44-இல், குறிப்பாகத் தொப்பூர் கணவாய்ப் பகுதியில் பழுதாகி நிற்கும் லாரிகளை இழுத்து வருவதுதான் பிழைப்பு. மச்சினரும் கூடவே வேலை செய்கிறார். சில மாதங்களாக வண்டியில் இழுவை இல்லை. பேக் கம்ப்ரஷன் (இன்ஜினின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் துளை வழியே புகை வருவது) அதிகம், ஆயில் குடிக்கிறது, பாரம் ஏறினால் கரும்புகை தள்ளுகிறது.

மெக்கானிக் மூன்று வழி சொல்லியிருக்கிறார். இருக்கிற 697 டர்போ இன்ஜினையே முழுசாக இறக்கிக் கட்ட 1.6 லட்சம். அதே 697-இல் பழைய ஹாஃப் இன்ஜின் (பிளாக், கிராங்க், பிஸ்டன் அடங்கிய அடிப்பாதி) வாங்கி மாட்ட 1.1 லட்சம். உடைத்த 2518 லாரியின் கம்மின்ஸ் 180 குதிரைத்திறன் இன்ஜினை ஏற்ற 3.25 லட்சம். வாசகருக்கு மூன்றாவதில்தான் ஆசை. பழைய சாமான் வியாபாரியிடம் 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். "டீசலுக்கு டீசல்தானே, கம்பெனியும் ஒன்றுதானே, இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி எதற்கு? எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும்போது நம்பரை மாற்றித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். இந்த இன்ஜின் ஏறிவிட்டால் லோடு வண்டியையும் இழுக்கலாம் அல்லவா?" என்று கேட்கிறார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஆர்.சி., பாலிசி நகல்களைச் சேர்த்து அனுப்பியது மிக நல்ல காரியம். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு பெரிய பிரச்சினை அந்த இரண்டு தாள்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில்: கம்மின்ஸ் இன்ஜினை ஏற்ற வேண்டாம். இருக்கிற இன்ஜினைச் சோதித்து, கட்டக்கூடிய நிலையில் இருந்தால் அதையே கட்டுங்கள். மிச்சமாகும் பணத்துக்கு இதைவிட அவசரமான செலவு காத்திருக்கிறது.

இறக்கும் முன் சோதியுங்கள்

பேக் கம்ப்ரஷன் என்றதுமே ரிங், லைனர் போய்விட்டது என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் வண்டியில் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸரும் இன்ஜின் ஆயிலில்தான் ஓடுகிறது. அதன் ரிங் தேய்ந்தால் அந்தக் காற்றும் இன்ஜினுக்குள் இறங்கி, டிப்ஸ்டிக் துளை வழியே புகைந்துகொண்டு வெளியேறும். பார்ப்பவருக்கு இன்ஜினே போன மாதிரி இருக்கும். ஏர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வை இழுத்துப் பாருங்கள். தண்ணீரோடு கறுப்பு எண்ணெயும் கொட்டினால் கம்ப்ரஸர் மீது சந்தேகப்படலாம். கம்ப்ரஸரின் டெலிவரி பைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். புகை தெளிவாகக் குறைந்தால் உங்கள் செலவு லட்சத்தில் இல்லை. குறையவில்லை என்றால் ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லி, அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

கரும்புகை தனி விஷயம். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸில் கசிவு, நாசில் கோளாறு, இவற்றில் எதனாலும் வரலாம். இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இழுவை போதவில்லை என்று யாராவது டீசல் பம்ப்பைக் கூட்டி வைத்தார்களா? ரெக்கவரி வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். டீசல் கூடி, காற்று கூடாவிட்டால் புகையும் சூடும்தான் மிச்சம். அந்தச் சூட்டில் பிஸ்டன் போகும், டர்போ போகும். பம்ப்பைக் காலிபரேஷன் பெஞ்சில் ஏற்றி, கம்பெனி அளவுக்குத் திருப்பிக் கொண்டுவராமல் புது ரிங் போட்டாலும் அதே கதிதான்.

இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், கிராங்க்கைக் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடைசி சைஸ் வரை அரைத்திருந்தாலோ, பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, அப்போது ஹாஃப் இன்ஜின் நியாயமான வழி. இல்லையென்றால் சொந்த பிளாக்கைக் கட்டுவதே மேல். ஐம்பதாயிரம் கூடுதலாகத் தெரியும். ஆனால் உங்கள் இன்ஜினின் வரலாறு உங்களுக்குத் தெரியும், நம்பரும் மாறாது. ஹாஃப் இன்ஜினில் பிளாக் மாறுவதால் நம்பரும் மாறும். அதே 697 ஆனாலும் ஆர்.சி.யில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

180 குதிரையால் என்ன கிடைக்கும்?

உங்கள் ஆசையை நான் குறைத்து எண்ணவில்லை. ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு, பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டிகளை வைத்துக்கொண்டு ஊர்ந்து வருவது எவ்வளவு வேதனை என்று தெரியும். ஆகவே கணக்கைப் போட்டே காட்டுகிறேன். உங்கள் வண்டியும் இழுக்கும் வண்டியும் சேர்ந்து 30 டன் என்று வைத்துக்கொள்வோம். சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிறது. கியர், ஹவுசிங் வழியாக வீணாவது போக, 130 குதிரைத்திறனில் வண்டி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 180 குதிரைத்திறனில் ஏறக்குறைய 20. அதாவது ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக மிச்சமாகும். கணவாய் ஏற்றம் சில கிலோமீட்டர்தான். 1.6 லட்சத்துக்கும் 3.25 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் நீங்கள் வாங்குவது அந்தச் சில நிமிடங்களை.

அதற்குக் கொடுக்கும் விலை பணத்தோடு முடிவதில்லை. 1613 என்றால் 16 டன், 130 குதிரை. 2518 என்றால் 25 டன், 180 குதிரை. 2518-இல் அந்த இன்ஜினுக்குப் பின்னால் அதைத் தாங்குகிற கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரௌன் பினியன், ரேடியேட்டர், மூன்று ஆக்ஸிலுக்கான பிரேக் எல்லாம் சேர்ந்து வந்தன. உங்கள் வண்டிக்கு இன்ஜின் மட்டும் வருகிறது. முதலில் கிளட்ச் பிளேட் கருகும், அதை மாற்றினால் அடுத்தது கியர்பாக்ஸ், பிறகு கிரௌன். 20 கிலோமீட்டரில் ஏறும்போதும் முன்னால் மோதும் காற்று குறைவு, 130 குதிரைக்கான ரேடியேட்டர் 180 குதிரையின் சூட்டை இறக்காது. இன்ஜின் மவுண்டிங், ஃப்ளைவீல் ஹவுசிங், சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளி, அண்டர்லிஃப்ட்டின் ஹைட்ராலிக் பம்ப்புக்கு ஓட்டம் எடுக்கும் இடம் இவையெல்லாம் லேத்தில் புதிதாகச் செய்ய வேண்டியவை. மெக்கானிக் சொன்ன 3.25 லட்சத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும்

கடிதத்தில் நீங்கள் ஏற்றத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற பாதை. அதே 30 டன், அதே சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், வேகம் கூடாமல் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 80 கிலோவாட் சக்தியைப் பிரேக்கும் இன்ஜினும் தொடர்ந்து விழுங்க வேண்டும். குதிரைத்திறனில் சொன்னால் நூற்றுக்கும் மேல். பெரும்பகுதி பிரேக் டிரம்மில் சூடாகத்தான் போகும். டிரம் சூடேறி விரிய விரிய, பிரேக் சேம்பரின் தண்டு இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கும், பிடிப்பு குறையும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் நின்றுபோன லாரியில் காற்று இருக்காது. காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங் பிரேக் பின்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், வண்டி நகராது. நகர்த்துவதற்காக பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை விடுவிப்போம். ரெக்கவரி வேலையில் தினமும் செய்வதுதான். விடுவித்த நொடியிலிருந்து அந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. 20 டன் வண்டியின் முழுத் தள்ளலும் 16 டன்னுக்குச் செய்த உங்கள் பிரேக்கின் மேல் விழுகிறது. உங்கள் ஏர் டேங்கிலிருந்து ஹோஸ் இழுத்து, பின்னால் வரும் வண்டியின் பிரேக் லைனுக்குக் காற்று கொடுத்து, நீங்கள் மிதித்தால் அதுவும் பிடிக்கிற மாதிரி இணைப்பு வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இல்லையென்றால் இன்ஜினுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இதுதான். கம்மின்ஸ் செலவில் சிறு பங்குகூட ஆகாது. இதோடு எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா, லைனிங், டிரம், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ன நிலையில் இருக்கின்றன என்றும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

லோடு வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அண்டர்லிஃப்ட்டில் 4 டன் தூக்குகிறீர்கள், அது பின் ஆக்ஸிலுக்கு 2.5 மீட்டர் பின்னால் தொங்குகிறது, உங்கள் இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 4.2 மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்ஸிலில் ஏறுவது 4 டன் இல்லை, கிட்டத்தட்ட 6.4 டன். முன் ஆக்ஸிலிலிருந்து 2.4 டன் குறைந்துபோகும். முன்னால் மூன்றரை டன் இருந்த வண்டியில் ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி சுற்றினால் காரணம் இதுதான். லோடு வண்டியில் முன்பாரம் இன்னும் அதிகம். எத்தனை குதிரை இன்ஜின் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அண்டர்லிஃப்ட் கட்டிய பட்டறையில் உங்கள் அளவுகளை வைத்து, எவ்வளவு வரை தூக்கலாம் என்று எழுதி வாங்கி, கேபினில் ஒட்டிவையுங்கள். லோடு வண்டி அழைப்பு வந்தால், சரக்கை மாற்றி ஏற்றிய பிறகு இழுப்பது, அல்லது மூன்று ஆக்ஸில் ரெக்கவரி வைத்திருப்பவருக்கு வேலையைக் கைமாற்றிவிட்டுக் கமிஷன் வாங்குவது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். வருமானம் குறையும் என்பது தெரிந்தே சொல்கிறேன். வண்டியில் உங்களோடு உங்கள் மச்சினரும் இருக்கிறார்.

டீசலுக்கு டீசல் என்றாலும் சட்டம் விடாது

இங்கே உங்கள் நினைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு எரிபொருளை மட்டும் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்கள் ஆர்.சி.யில் 5675 சி.சி. என்று இருக்கிறது. கம்மின்ஸ் 5883 சி.சி. குதிரைத்திறனும் வேறு. 1613-ஐயே டாடா நிறுவனம் கம்மின்ஸ் இன்ஜினோடும் விற்றதே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். விற்றது உண்மைதான். ஆனால் அது வேறு மாடல், 180 குதிரையும் கிடையாது. உங்கள் சேஸிஸ் நம்பருக்குத் தயாரிப்பாளர் கொடுத்த விவரம் 697 இன்ஜின்தான்.

இன்ஜினை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. பத்து போக்குவரத்து வாகனத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு மாநில அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் தரலாம், அதுவும் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினுக்கு மட்டும். ஒற்றை வண்டிக்காரரான உங்களுக்கு அது பொருந்தாது. ஹாஃப் இன்ஜின் மாற்றினாலும் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் மாற்றம் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யைத் திருத்தக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எஃப்.சி. வரும்வரை ஏஜென்ட்டை நம்பிக் காத்திருக்க இடமில்லை. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. எட்டு வருடம் தாண்டிய உங்கள் வண்டி ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. சோதனைக்கு நிற்க வேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் குறிப்பு இன்னும் இருக்கிறது. கடன் முடியாத வண்டியில் இன்ஜின் மாற்ற அவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை. அதை இன்றைக்கே கேளுங்கள், ஹாஃப் இன்ஜினுக்கும் அது வேண்டும்.

நீங்கள் கேட்காத கேள்வி

இனி அந்த இரண்டு தாள்கள். உங்கள் ஆர்.சி.யில் பாடி வகை "திறந்த லாரி" என்றே இருக்கிறது. பாலிசியும் சரக்கு வாகனப் பாலிசி. அண்டர்லிஃப்ட் எங்கேயும் பதிவாகவில்லை. சர்வேயராக இதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. வழக்கமான வணிக வாகனப் பாலிசியில் பழுதான வண்டியை இழுப்பது பற்றித் தனிப் பகுதி ஒன்று இருக்கும். பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் பாலிசி செல்லும் என்று அது தொடங்கும். ஆனால் கூலிக்கு இழுக்கக் கூடாது, இழுக்கப்படும் வண்டிக்கோ அதிலுள்ள பொருளுக்கோ ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று உடனே இரண்டு நிபந்தனை வரும். உங்கள் தொழிலே கூலிக்கு இழுப்பது. இன்றைக்கு ஒரு விபத்து நடந்தால், எந்த இன்ஜின் இருந்தாலும், உங்கள் சொந்த சேதக் கோரிக்கையை மறுக்க இது ஒன்றே அவர்களுக்குப் போதும். மூன்றாம் நபருக்கு நஷ்டஈடு கொடுத்தாலும், அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் வாதாடலாம். இதற்கு மேல் பதிவில்லாத இன்ஜினும் சேர்ந்தால் உங்கள் வழக்கறிஞருக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே ரெக்கவரி வாகனமாக ஆர்.சி.யை மாற்ற முடியுமா என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன 52-வது பிரிவு அண்டர்லிஃப்ட்டுக்கும் பொருந்தும் என்பதால், எளிதாக முடியும் என்று உறுதி தர மாட்டேன். பட்டறையின் பில், வரைபடம், எடைச் சீட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஏஜென்ட்டை அனுப்பாமல் நீங்களே போவது நல்லது. பதிவு மாறியதும் பாலிசியைச் சிறப்பு வகை வாகனப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். வின்ச் இழுக்கும்போது வண்டி கவிழ்ந்தால் கிடைக்கிற பாதுகாப்பு தனியாகச் சேர்க்க வேண்டியது, மோட்டார் காப்பீட்டுக் கூடுதல் பிரிவான ஐ.எம்.டி. 47 என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். இழுக்கும் வண்டிக்கான பொறுப்புக் காப்பீடு கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். பிரீமியம் கூடத்தான் செய்யும். இது முடியும்வரை கணவாய் வேலையைக் குறைத்துக்கொண்டு, காலி வண்டிகளை மட்டும் எடுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் 180 குதிரைதான் வேண்டும் என்று தோன்றினால், இந்த வண்டியில் கை வைக்காதீர்கள். கடன் முடிந்ததும், முறையாக ரெக்கவரி என்றே பதிவான மூன்று ஆக்ஸில் வண்டியைத் தேடுங்கள். உங்கள் அண்டர்லிஃப்ட்டை விற்றால் அதில் ஒரு பங்கு வரும்.

கடைசியாக அந்த 10,000 ரூபாய். வியாபாரியிடம் மூன்று தாள் கேளுங்கள்: இன்ஜின் நம்பர் போட்ட பில், உடைத்த லாரியின் ஆர்.சி. ரத்தான சான்று, அந்த நம்பர் திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற காவல் துறைச் சான்று. ஒழுங்காகத் தொழில் செய்பவர் என்றால் தருவார். தயங்கினால் அந்த இன்ஜின் இலவசமாக வந்தாலும் உங்கள் பட்டறைக்குள் நுழையக் கூடாது. எப்படியானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட, 697-க்குத் தேவைப்படும் சாமானில் கழித்துக்கொள்ளச் சொல்வது எளிது. சிலிண்டர் ஹெட், டர்போ, ஏர் கம்ப்ரஸர் மூன்றில் எது உங்களுக்குத் தேவை என்பது சோதனைக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை எதையும் எடுத்துவிடாதீர்கள், பணம் கொடுத்ததற்கு ஒரு வரி ரசீது மட்டும் இன்றே வாங்கிவிடுங்கள்.